நெப்ராஸ்கா 93: என்டமுக்கோங் சூவுக்கு ஓர் இழை (2009 ஹைஸ்மன் சண்டையும் இங்கேயே போடலாம்)

#1 சோளக்காட்டான்

இந்தக் குழுவில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பேசுகிறவர்களே ஒரு கைப்பிடிதான். அந்தக் கைப்பிடியும் எப்போது பார்த்தாலும் குவார்ட்டர்பேக் புராணமே பாடிக்கொண்டிருக்கிறது. ஒரு டிஃபன்சிவ் லைன்மேனுக்கென்று யாரும் இழை திறந்து நான் பார்த்ததில்லை, அதனால் நானே திறந்துவிட்டேன். ஆள் என்டமுக்கோங் சூ. அணி நெப்ராஸ்கா. சட்டை எண் 93.

முதலில் என் கதை கொஞ்சம், பொறுத்துக்கொள்ளுங்கள். 2008 ஆகஸ்டில் முதுகலை படிக்க நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்தில் போய் இறங்கினேன். சுற்றிலும் சோளக்காடு (பெயர்க்காரணம் புரிந்திருக்கும்), நடுவில் பல்கலைக்கழகம், அதற்குள் மெமோரியல் ஸ்டேடியம். முதல் சனிக்கிழமை காலை பால் வாங்க வெளியே வந்தால் தெரு முழுக்கச் சிவப்புச் சட்டை. தாத்தா பாட்டி, கைக்குழந்தை, நாய்க்குட்டி வரைக்கும் சிவப்பு. ஏதோ தேர்த் திருவிழா என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். 1962 நவம்பரிலிருந்து அந்த அரங்கத்தில் ஓர் ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை என்றும், ஆட்ட நாளில் உள்ளே இருக்கும் கூட்டத்தை ஓர் ஊராகக் கணக்குப் போட்டால் அதுதான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்றும் பக்கத்தில் நடந்தவர் சொன்னார். பிறகு அந்த ஊரில் எனக்குத் தெரிந்த எல்லோருமே ஆளுக்கு ஒருமுறை அதைச் சொன்னார்கள்.

அறைத்தோழன் ஒருத்தன் இரவல் டிக்கெட்டில் என்னை உள்ளே கூட்டிப்போனான். விதிமுறை ஒரு மண்ணும் தெரியாது. பந்து எங்கே போகிறது என்றே கண்ணுக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் எழுந்து கத்தும்போது நானும் எழுந்து கத்துவேன், எதற்கென்று தெரியாது. பந்து கிடைக்காத கண் வேறு எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே செய்யும், என் கண் 93ஐப் பிடித்துக்கொண்டது. ஆறடி நாலங்குலம், 300 பவுண்டு. அத்தனை பெரிய உடம்பு அத்தனை சீக்கிரம் திரும்புவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பந்து எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் குவியலுக்கு அடியிலிருந்து எழுந்து வருகிறவர் அவராகவே இருந்தார். அந்த சீசன் முடிவதற்குள் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது: இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், பந்து தானாக வந்து சேரும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். நெப்ராஸ்காவில் மொத்தம் 215 டேக்கிள் (பந்து வைத்திருக்கிறவரைப் பிடித்து வீழ்த்துவது), அதில் 57 எதிரணியை ஆரம்பித்த கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கியவை, 24 சேக். கடைசி வருடமான 2009இல் மட்டும் 85 டேக்கிள், 12 சேக். பத்துப் பாஸ்களைக் கையால் தட்டிவிட்டிருக்கிறார். பத்து! பின்வரிசைக் கார்னர்பேக் செய்ய வேண்டிய வேலை அது.

அந்த வருடம் நகர்ஸ்கி, பெட்னாரிக், அவுட்லேண்ட், லொம்பார்டி என்று கிடைக்கக்கூடிய எல்லா விருதும் வந்தது. ஏபி செய்தி நிறுவனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் வந்தது, தடுப்பாட்டக்காரர் ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. ஓட்டெடுப்பில் தருகிற, கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மனில் மட்டும் நாலாவது இடம். ஓட்டுப் புள்ளிகள் இப்படி: மார்க் இங்ரம் 1304, டோபி கெர்ஹார்ட் 1276, கோல்ட் மெக்காய் 1145, சூ 815.

அந்த நாலாவது இடம் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. பேசுவோம்.

#2 வேடிக்கை பார்ப்பவன்

அண்ணா, நான் தேனிப் பக்கம். இந்த விளையாட்டைப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை. நின்று நின்று ஆடுகிறார்கள், ஹெல்மெட்டால் முட்டிக்கொள்கிறார்கள், விளம்பரம் வந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் எழுதிய விதத்தில் ஆசை வந்துவிட்டது. இந்த லைன்மேனுக்கு வேலைதான் என்ன? நம் கபடியில் ரைடரைப் பிடிக்கிறவர் மாதிரியா?

#3 சோளக்காட்டான்

கபடியை வைத்தே சொல்கிறேன், ஆனால் திருப்பிப் போட வேண்டும். கபடியில் வருகிறவன் ஒருத்தன், பிடிக்க ஏழு பேர் சங்கிலி கோக்கிறார்கள். இங்கே பிடிக்கப் போகிற சூ ஒருத்தர், அவரை விடாமல் மறிக்க இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர். மறிக்கிறவர்களும் ஆளுக்கு 300 பவுண்டு. பின்னால் நிற்கிற குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு மூன்று நொடிதான் எடுத்துக்கொள்வான், அதற்குள் இவர்களைத் தாண்டி அவனை விழத்தட்ட வேண்டும். அப்படி விழத்தட்டினால் அதற்குப் பெயர் சேக்.

ஆனால் சேக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் சூ செய்ததில் பாதி தெரியாது. ஒரே ஓர் ஆட்ட நொடியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு கையைப் புல்லில் ஊன்றிக் குனிந்திருக்கிறார், மணிக்கட்டு முழுக்க வெள்ளை டேப். எதிரில் கார்டு, பக்கத்தில் சென்டர், இரண்டு பேரும் மறிக்கிறவர்கள். பந்து அசைந்ததும் கார்டு எழுந்திருப்பதற்குள் இவருடைய இரண்டு உள்ளங்கையும் அவன் நெஞ்சுக் கவசத்தில் போய் அறைகிறது. முழங்கையை முழுக்க நீட்டி ஆளை ஒரு கை தூரத்தில் நிறுத்திவிடுகிறார், அவனால் இவர் உடம்பைத் தொடவே முடியாது. இங்கேதான் விஷயம். உடனே ஓடிவிட மாட்டார். அவனை அப்படியே பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அவன் தோளுக்கு மேலாகப் பந்து யார் கையில் என்று பார்ப்பார். இடப்பக்கம் என்றால் இடப்பக்கம் உதறிவிட்டுப் போவார், வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். பயிற்சியாளர் போ பெலினி வைத்திருந்த முறை அப்படி: ஒவ்வொரு லைன்மேனும் தனக்கு இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு சந்துகளுக்கும் பொறுப்பு. முன்பின் பார்க்காமல் ஒரே சந்தில் பாய்ந்து சேக் எடுப்பது இதைவிடச் சுலபம். அப்படிக் காத்திருந்து ஆடியும் 12 சேக் என்பதைத்தான் நான் வாயைப் பிளந்து பார்க்கிறேன்.

#4 லாங்ஹார்ன் ஆஸ்டின்

வந்துவிட்டேன். இந்த இழை 2009 டிசம்பர் 5இல் போய் நிற்கும் என்று தலைப்பைப் பார்த்ததுமே தெரியும், நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

நான் டெக்சாஸ் ஆள். அன்றைக்கு நாங்கள் 12-0. ஆர்லிங்டனில் எங்கள் இரண்டு அணியும் இருந்த பிக் 12 லீகின் இறுதி ஆட்டம், ஜெயித்தால் தேசிய இறுதிக்கு நேராகப் போகலாம். நெப்ராஸ்காவை யாரும் பொருட்டாகவே எடுக்கவில்லை. அந்த சீசனில் அவர்கள் அயோவா ஸ்டேட்டிடம் எட்டுத் தடவை பந்தைப் பறிகொடுத்து 9-7 என்று சொந்த மண்ணில் தோற்றவர்கள். அப்புறம் ஆட்டம் ஆரம்பித்தது. எங்கள் கோல்ட் மெக்காய் ஹைஸ்மனுக்கு முன்னணியில் இருந்த ஆள். அவரைச் சூ ஒரு கையால் சட்டையோடு பிடித்துச் சுழற்றி வீசினார் பாருங்கள், துணி துவைக்கிற கல்லில் ஈரத்துண்டை அடிக்கிற மாதிரி. நாங்கள் எட்டுப் பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தோம், ஒருவர் வாயிலும் சத்தம் இல்லை. 12 டேக்கிள், அதில் ஏழு கோட்டுக்குப் பின்னால், நாலரை சேக், எல்லாம் ஒரே இரவில். மெக்காய் மொத்தம் ஒன்பது தடவை தரையில் கிடந்தார்.

அவ்வளவும் ஆடி என்ன, அவர்களுடைய ஆஃபன்ஸ் (பந்தோடு முன்னேற வேண்டிய வரிசை) ஒரு டச்டவுன்கூட (எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டுவது) எடுக்கவில்லை. அலெக்ஸ் ஹென்ரி கம்பங்களுக்கு நடுவே நாலு ஃபீல்டு கோல் உதைத்தார், நாலு மூன்று பன்னிரண்டு. கடைசி ஃபீல்டு கோலில் 12-10 என்று முன்னால் போய்விட்டார்கள், இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம். அப்போது அவர்கள் உதைத்த கிக்ஆஃப் கோட்டுக்கு வெளியே போய்விட்டது, எங்களுக்கு 40 யார்டில் இலவசமாகப் பந்து. அடுத்து ஷிப்லிக்கு ஒரு பாஸ், அதோடு அவரைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்ததற்கு 15 யார்டு தண்டனை. பிறகு மெக்காய் பந்தோடு வலப்பக்கம் ஓடி, நேரம் ஓடுவதை மறந்தவர் மாதிரி நிதானமாக வெளியே எறிந்தார். கடிகாரத்தில் 0:00. நெப்ராஸ்காக்காரர்கள் மைதானத்துக்குள் குதித்துவிட்டார்கள்.

நடுவர்கள் வீடியோ பார்த்தார்கள். பந்து வெளியே பட்ட நேரத்தில் ஒரு நொடி இருந்தது என்று திருப்பிப் போட்டார்கள். ஹண்டர் லாரன்ஸ் 46 யார்டில் உதைத்தார். 13-12.

அந்த ஒரு நொடி சரியான தீர்ப்பு, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த மைதானத்தில் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் எங்கள் வீட்டு எட்டுப் பேரும் ஒரே பெயரைத்தான் சொல்வோம்.

#5 சோளக்காட்டான்

அந்த ஒரு நொடியைப் பற்றி நான் எதுவும் எழுத மாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

வேறொன்று சொல்கிறேன். அன்றைக்கு லிங்கனில் எங்கள் அபார்ட்மென்டில் குக்கரில் சாதம் வைத்துவிட்டு ஆட்டம் பார்த்தோம். கடைசி நாலு நிமிடத்தில் விசில் எத்தனை வந்தது என்று யாரும் எண்ணவில்லை. அடிப்பிடித்த வாசனை வந்தபோது லாரன்ஸ் பந்துக்குப் பின்னால் அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கருகிய சாதத்தைத்தான் அன்று இரவு தின்றோம், கரண்டிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஊரே அப்படித்தான் இருந்தது. இருபத்தைந்து நாள் கழித்து, சீசன் முடிவில் ஆடுகிற ஹாலிடே பவுல் ஆட்டத்தில் அரிசோனாவை 33-0 என்று நசுக்கியபோதுகூட யாருக்கும் முழுதாகச் சிரிப்பு வரவில்லை.

#6 மூன்றாறுகள்

பிட்ஸ்பர்க்கிலிருந்து. சூ பெரிய ஆள்தான், மறுப்பில்லை. ஆனால் ஹைஸ்மனில் லைன்மேனுக்கு நடக்கிற அநியாயம் 2009இல் ஆரம்பித்த மாதிரி எழுதாதீர்கள். எங்கள் பிட் அணியின் ஹ்யூ கிரீன், டிஃபன்சிவ் எண்ட், 1980இல் ஹைஸ்மனில் இரண்டாவது. முதலிடம் சவுத் கரோலைனாவின் ஜார்ஜ் ரோஜர்ஸ், அவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். கிரீனுடைய 99ஆம் எண்ணைப் பிட் இன்றுவரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, எங்களைக் கேட்டால் அதுதான் விருது. 2021இல் மிச்சிகனின் ஏய்டன் ஹட்சின்சனும் இரண்டாவதுதான். 1997இல் வாங்கிய சார்ல்ஸ் உட்சன் கார்னர்பேக், 2024இல் வாங்கிய டிராவிஸ் ஹண்டர் இரண்டு பக்கமும் ஆடியவர். தடுப்பாட்ட வரிசையில் மட்டும் கையூன்றி நிற்கிறவனுக்கு இதுவரை கிடைத்ததே இல்லை.

அப்புறம் ஆரன் டொனால்ட். 2013இல் சூவுக்குக் கிடைத்த அதே நாலு விருதையும் டொனால்டும் வாங்கினார். ஹைஸ்மன் விழாவுக்கு நியூயார்க்கிலிருந்து அழைப்புகூட வரவில்லை. உங்கள் ஆளாவது கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்!

#7 சோளக்காட்டான்

டொனால்ட் விஷயத்தில் உங்களோடு சேர்ந்து நானும் அழுகிறேன். ஆனால் 2009க்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. முதலிடத்துக்கு விழுந்த ஓட்டுகளைப் பாருங்கள்: இங்ரம் 227, கெர்ஹார்ட் 222, மெக்காய் 203, சூ 161. எவருக்கும் பெரும்பான்மை இல்லை, நாலு பேரும் கைக்கெட்டும் தூரம். அப்படி ஒரு வருடத்தில்கூட லைன்மேன் ஜெயிக்கவில்லை என்றால் எப்போதுதான் ஜெயிப்பது?

#8 லாங்ஹார்ன் ஆஸ்டின்

இதில் ஒரு வேடிக்கை சொல்லட்டுமா. தேசிய இறுதியில் நாங்கள் அலபாமாவிடம் 37-21 என்று தோற்றோம். அவர்களுடைய இங்ரம்தான் ஹைஸ்மன் நாயகன், நன்றாகத்தான் ஓடினார். ஆனால் ஆட்டத்தைத் திருப்பியது யார்? அலபாமாவின் மார்செல் டேரியஸ். ஆரம்பத்திலேயே மெக்காயை அடித்து வெளியே அனுப்பிவிட்டார், பிறகு பாதி ஆட்டம் முடிகிற நேரத்தில் ஒரு குட்டிப் பாஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடி டச்டவுனும் போட்டார். டேரியஸ் யார்? டிஃபன்சிவ் லைன்மேன். இரண்டு மாதத்துக்குள் இரண்டு லைன்மேன்கள் எங்கள் வயிற்றில் அடித்தார்கள், கோப்பை மட்டும் பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்குக்கு.

#9 டெட்ராய்ட் ராணி

எல்லோரும் மாலை போட்டு முடித்தாயிற்றா? நான் கொஞ்சம் வேறு மாதிரி பேசப் போகிறேன், கோபிக்காதீர்கள்.

2010இல், தொழில்முறை லீகான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், சாம் பிராட்ஃபோர்டுக்கு அடுத்து இரண்டாவதாக எங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் அணி சூவை எடுத்தபோது நாங்கள் ஆடிய ஆட்டம் உங்களுக்குத் தெரியாது. 2008இல் 0-16 என்று ஒரு முழு சீசனையும் தோற்ற ஊர் எங்களுடையது. முதல் வருடமே 10 சேக், ஆண்டின் சிறந்த அறிமுகத் தடுப்பாட்டக்காரர். அவர் சட்டையை என் பையனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருடம் நன்றி நவிலும் நாள், 2011 நவம்பர் 24, கிரீன் பே ஆட்டம். உறவுக்காரர்கள் எல்லோரும் வீட்டில். ஆட்டம் நின்ற பிறகு, கீழே கிடந்த இவான் டீட்ரிக் ஸ்மித்தின் கைமேல் சூ காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார். வெளியேற்றினார்கள், இரண்டு ஆட்டம் தடை. எதற்கம்மா அவர் மிதித்தார் என்று ஏழு வயதுப் பையன் கேட்டான். என்ன பதில் சொல்வது? 2014 டிசம்பரில் கிரீன் பே குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் காலை மிதித்த விவகாரத்திலும் 70,000 டாலர் அபராதம் கட்டினார்.

கல்லூரியில் அவர் கடவுளாகவே இருந்திருக்கட்டும். ஆனால் பாராட்டு இழை என்று போட்டுவிட்டு 2009 டிசம்பரோடு கத்தரித்துக்கொண்டால் அது உங்கள் வசதிக்கு எழுதிய சரித்திரம்.

#10 சோளக்காட்டான்

ராணி அக்கா, அந்த நன்றி நவிலும் நாள் ஆட்டத்தை நானும் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் தெரியாமல் கால் பட்டிருக்கும் என்றேன். மறு ஒளிபரப்பு நாலாவது தடவை வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் பிரித்துக்கொள்ள விடுங்கள். ஒரு கல்லூரி தன் மாணவனை நினைவு வைத்துக்கொள்வது அவன் அங்கே இருந்த வருடங்களுக்காக. பிறகு அவர் டெட்ராய்ட்டில் செய்ததற்கு டெட்ராய்ட் கணக்கு வைத்துக்கொள்ளட்டும், உங்கள் பையன் கேட்ட கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். லிங்கனில் எங்களுக்குத் தெரிந்த சூ வேறு. 2005இல் முழங்கால் காயத்தில் முதல் வருடம் வீணானது. 2007இல் அவர் ஆடிய அணியை கான்சாஸ் 76-39 என்று அடித்தது, நெப்ராஸ்காவுக்கு எதிராக அதுவரை யாரும் 76 எடுத்ததில்லை. அந்த சீசன் 5-7 என்று முடிந்து பயிற்சியாளரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அவமானத்தில் நின்றவர்தான் இரண்டே வருடத்தில் நாட்டிலேயே மிகக் குறைவாகப் புள்ளி விட்டுக்கொடுத்த அணியின் நடுத்தூணாக நின்றார். 2008 முடிந்ததும் அவர் என்எஃப்எல்லுக்குப் போயிருக்கலாம், பணம் காத்துக்கொண்டிருந்தது. போகவில்லை. இன்னொரு வருடம் இருந்து கட்டுமான மேலாண்மைப் படிப்பை முடித்தார். அப்பா கேமரூன், அம்மா ஜமைக்கா, அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. டீச்சர் வீட்டுப் பிள்ளை டிகிரி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியுமா, அது எந்த நாடானால் என்ன.

#11 டெட்ராய்ட் ராணி

கடைசி வரிக்காக மட்டும் ஒரு லைக். மற்றதற்கு இல்லை.

(அப்புறம் ஒன்று, 2010இல் ஜெட்ஸ் ஆட்டத்தில் எங்கள் கிக்கருக்கு அடிபட்டதும் சூவே வந்து எக்ஸ்ட்ரா பாயிண்ட் உதைத்தார் தெரியுமா? கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. அந்த ஆட்டம் 23-20 என்று ஓவர்டைமில் தோற்றோம், ஒரு புள்ளி இருந்திருந்தால்! திட்டிக்கொண்டே சிரித்த ஒரே நாள்.)

#12 சோளக்காட்டான்

ஹாஹா, அவர் சின்ன வயதில் சாக்கர் ஆடிய குடும்பத்துப் பிள்ளை. அப்பா ஆடியவர், அக்கா கேமரூன் நாட்டு அணிக்கே ஆடியவர். அந்த நம்பிக்கையில் உதைத்திருப்பார்.

#13 பழைய பெரிசு

தம்பிகளா, நான் ஒமாஹாவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லிங்கனில் லைன்மேன் கொண்டாட்டம் சூவோடு ஆரம்பித்ததல்ல என்பதைப் பதிவு செய்துவிட்டுப் போகிறேன். அங்கே உள்ளவர்கள் எனக்குச் சொன்ன முதல் பெயர் ரிச் குளோவர். 1971 நவம்பர் 25, ஓக்லஹோமாவை அவர்கள் மண்ணிலேயே 35-31 என்று ஜெயித்த ஆட்டம், நூற்றாண்டின் ஆட்டம் என்று பெயர். நடுவில் நின்ற குளோவர் மட்டும் 22 டேக்கிள். அடுத்த வருடம் ஹைஸ்மனில் மூன்றாவது இடம். முதலிடம் யார் என்கிறீர்கள், அவருடைய சக ஆட்டக்காரர் ஜானி ராட்ஜர்ஸ்! ஒரே அணி, பந்தோடு ஓடியவருக்கு முதலிடம், வரிசையில் நின்றவருக்கு மூன்றாமிடம்.

அவுட்லேண்ட் விருதை நெப்ராஸ்கா ஒன்பது தடவை வாங்கியிருக்கிறது, டேவ் ரிமிங்டன் மட்டும் இரண்டு தடவை. லைன்மேனுக்கென்றே உள்ள விருது அது. ஒன்பதாவது சூவுடையது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பயிற்சியின்போது தடுப்பாட்ட முதல் பதினொருவருக்கு மட்டும் கறுப்புச் சட்டை. 1964இலிருந்து நடக்கிறது, பிளாக்ஷர்ட்ஸ் என்பார்கள். அது தானாக வராது, சம்பாதிக்க வேண்டும். கறுப்புச் சட்டைக்கு இருக்கிற மதிப்பு அந்த ஊரில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கோப்பைக்குக்கூட இல்லை.

#14 மூன்றாறுகள்

ஐயா, அருமை. குளோவர் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது.

சோளக்காட்டான், நீங்கள் அந்த நன்கொடையைச் சொல்லாமல் விட்டது ஆச்சரியம்.

#15 சோளக்காட்டான்

வந்துகொண்டிருக்கிறேன். 2010 ஏப்ரல் 17, வசந்தகால ஆட்டம். அரங்கத்தில் நானும் இருந்தேன், மே மாதம் பட்டம் வாங்கிக் கிளம்ப வேண்டியவன், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். அன்றைக்கு அறிவித்தார்கள்: சூ பல்கலைக்கழகத்துக்கு 26 லட்சம் டாலர் தருகிறார். 20 லட்சம் விளையாட்டுத் துறையின் உடற்பயிற்சிப் பிரிவுக்கு, 6 லட்சம் பொறியியல் கல்லூரியில் உதவித்தொகைக்கு. தேதியைப் பாருங்கள். டிராஃப்ட் அந்த மாதம் 22ஆம் தேதிதான். எந்த அணி எடுக்கும் என்று தெரியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்தில்லை, அதற்கு முன்னாலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது அந்த 20 லட்சத்தைவிட 6 லட்சம்தான். பொறியியல் கட்டடத்தில்தான் நான் இரண்டு வருடம் குப்பை கொட்டினேன், எங்கள் வகுப்பறைகளுக்குப் பக்கத்தில் எங்கேயோதான் அந்த ஆளும் கான்கிரீட்டும் காலண்டரும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருமுறைகூடப் பக்கத்தில் பார்த்ததில்லை என்பது என் தலையெழுத்து.

#16 சில்லறைக் கணக்கு

மாலை போடுகிற வேகத்தில் கணக்கையும் பாருங்கள். டெட்ராய்ட்டோடு ஐந்து வருடத்துக்கு 68 மில்லியன், அதில் 40 மில்லியன் உறுதி. பிறகு 2015இல் மயாமியோடு ஆறு வருடத்துக்கு 114 மில்லியன் ஒப்பந்தம். இதில் 2.6 எந்த மூலைக்கு? அதுவும் ஏற்கெனவே பணத்தில் குளிக்கிற ஃபுட்பால் துறைக்குப் பளு தூக்கும் அறை. ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டியிருந்தால் கைதட்டுவேன்.

#17 பழைய பெரிசு

தம்பி, கையில் காசு வந்த பிறகு கொடுப்பது ஒரு ரகம், வரும் என்ற நம்பிக்கையில் சொல்லிவிடுவது இன்னொரு ரகம். 23 வயதில் நான் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டேன். நீங்கள்?

#18 சில்லறைக் கணக்கு

பைக் முன்பணம் கட்டினேன் ஐயா. சரி, வாபஸ். பாதி வாபஸ்.

#19 லாங்ஹார்ன் ஆஸ்டின்

பெரிசு ஐயாவிடம் வாயைக் கொடுக்காதீர்கள்.

நெப்ராஸ்காவுக்காக நான் ஒரு கேள்வி கேட்கிறேன். சூவின் சிறந்த கல்லூரி ஆட்டம் எது? எல்லோரும் எங்கள் ஆட்டத்தைச் சொல்கிறார்கள், எனக்கென்னவோ மிசூரி ஆட்டம்தான் மேல் என்று தோன்றுகிறது. அக்டோபர் 8, கொலம்பியாவில் அடைமழை. மூன்று கால்பகுதி முடிந்தபோது 12-0 என்று நெப்ராஸ்கா பின்னால். நாலாவதில் மட்டும் 27 புள்ளி, 27-12. சூ ஒரு பாஸைப் பிடுங்கினார், பந்தை நழுவ வைத்தார், சேக்கும் எடுத்தார். அந்தச் சேற்றில் 300 பவுண்டு ஆள் வழுக்காமல் நிற்பதே சாதனை. முக்கியமாக, அதில் ஜெயித்தார்கள்.

#20 சோளக்காட்டான்

நல்ல கேள்வி. மிசூரி ஆட்டத்தில் அவர் ஆட்டத்தைத் திருப்பினார், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் ஓட்டு டெக்சாஸ் ஆட்டத்துக்கே. காரணம் சொன்னால் கிறுக்கன் என்பீர்கள். மிசூரியில் அவருக்கு உதவி வந்தது, ஆஃபன்ஸ் முழித்துக்கொண்டு டச்டவுன் போட்டது. ஆர்லிங்டனில் எதுவும் வரவில்லை. ஆஃபன்ஸ் மொத்த ஆட்டத்திலும் நூற்றுச் சொச்சம் யார்டுதான் நகர்ந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று முயற்சியில் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவார்கள், இவர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எழுந்து போவார். மூச்சு வாங்கக்கூட நேரமில்லை. ஆனால் நாலாவது கால்பகுதியிலும் அவருடைய முதல் எட்டு முதல் கால்பகுதியில் இருந்த அதே வேகம். அந்த ஆட்டத்துக்குக் கோப்பை இல்லை, மோதிரம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பிறகு 2020 சீசனில் டாம்பா அணியோடு என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஜெயித்தார், சந்தோஷம். லிங்கனில் யாரிடமாவது சூ என்று சொல்லிப் பாருங்கள், சூப்பர் பவுலா நினைவுக்கு வரும்?

#21 டெட்ராய்ட் ராணி

இதை எழுதிய பிறகு அந்த ஆட்டத்தின் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பையனுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது, அவனும் உட்கார்ந்து பார்த்தான். மூன்றாவது சேக்கில் "அம்மா, அந்த பழைய சட்டை எங்கே" என்றான். பரணில் இருக்கிறது என்றேன். எடுத்துத் தரவில்லை, அது வேறு விஷயம்.

#22 வேடிக்கை பார்ப்பவன்

அண்ணா, நானும் பார்த்துவிட்டேன். இரண்டு இரவு ஆயிற்று, செல்போனில். நீங்கள் சொன்ன மாதிரியே பந்தை விட்டுவிட்டு 93ஐ மட்டும் பார்த்தேன். முதல் அரைமணி நேரம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அந்த உள்ளங்கை விஷயம் பிடிபட்டது, நெஞ்சில் அறைந்து ஆளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறார் பாருங்கள், அது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. கடைசி ஒரு நொடி வந்தபோது நான் கத்தியதில் பாட்டி எழுந்துவிட்டது.

ஒரு சந்தேகம். பல தடவை சூவை இரண்டு பேர் அமுக்கிவிடுகிறார்கள், அப்போது பக்கத்திலிருந்து ஒருத்தர் சும்மா நடந்து போகிற மாதிரி போய் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கிறார். சட்டை எண் 94. அவர் யார்?

#23 சோளக்காட்டான்

தம்பி, உனக்குக் கண் திறந்துவிட்டது!

அவர் ஜாரெட் கிரிக். நெப்ராஸ்காவிலேயே பிறந்து வளர்ந்த பையன். அதே 2009 அக்டோபர் 31இல் பெய்லருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து சேக் எடுத்தார், பல்கலைக்கழகச் சாதனை. சூவே ஒரு ஆட்டத்தில் ஐந்து எடுத்ததில்லை. அந்த வீடியோ கிடைத்தால் கிரிக்கைப் பார்க்காதே, பக்கத்தில் 93ஐப் பார், அவர்மேல் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று எண்ணிவிட்டு வந்து சொல்.